மடித்து எடுத்துப்போன சுவர்

நான் சொல்லப்போவது நூற்றுக்கு நூறு உண்மைக் கதை. என் வண்டி பிரேக் மேல் சத்தியம்.

"உன் வண்டிக்கு ஏதுடா பிரேக்கு?" என்று கேட்டான் வக்கீல்.

சரி, நூற்றுக்கு எழுபது. மீதி முப்பதுக்குக் கண்ணும் காதும் மூக்கும் நான் வைத்தது. முகத்தில் அதெல்லாம் இல்லாவிட்டால் பார்க்கச் சகிக்குமா? கதைக்கும் அப்படித்தான். ஆனால் எலும்பு உண்மை. எலும்பில் நான் கை வைக்க மாட்டேன்.

வக்கீல் என்றால் கோர்ட்டுக்குப் போகிற வக்கீல் இல்லை. என் பக்கத்து வண்டிக்காரன். 'மழை பெய்யுது' என்று சொன்னால் நனைந்தவனைச் சாட்சிக்குக் கூப்பிடுவான். அதனால் அந்தப் பேர். அவனுக்கு எதிரே கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டி மேல் உட்கார்ந்திருந்தவன் தொப்பை. எங்கள் இரண்டு வண்டிக்கும் சாமான் தூக்குகிறவன். பீரோவை முதுகில் கட்டிக்கொண்டு நான்கு மாடி ஏறுவான். கூடவே அந்த வீட்டுப் பூனையும் பீரோவுக்குள் இருந்தால் அதையும் சேர்த்து. அவன் கையில் சர்க்கரை போடாத டீ. ஐந்து மாதமாக அவனுக்குச் சர்க்கரை ஆகாது, கேக் ஆகாது. உடம்பைக் குறைக்கிறானாம். தினமும் நான்கு மணிக்கு டீயோடு வருகிற கேக்கில் அவன் பங்கு வீணாகப் போகக்கூடாதே என்று நான்தான் வாங்கித் தின்கிறேன்.

அன்றைக்கு மழை. யாருக்கும் சவாரி இல்லை. மூன்று பேரும் கூரைக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம். நான் ஆரம்பித்தேன்.

இருபது வருஷமாக வீடு மாற்றுகிற வேலை செய்கிறேன். கட்டில் மாற்றியிருக்கிறேன், கோழிக்கூண்டு மாற்றியிருக்கிறேன், ஒரு தடவை சண்டை போட்டுக்கொண்டே இருந்த புருஷன் பொண்டாட்டியைச் சண்டை கலையாமல் பத்திரமாக இறக்கியிருக்கிறேன். ஆனால் சுவரை மாற்றியது ஒரே தடவைதான். முக்கால் அக்கா வீட்டுச் சுவர்.

"யாரு, தையல்கார அக்காவா? என் பேன்ட்டெல்லாம் அவங்கதானே தைக்கிறாங்க!" என்றான் தொப்பை.

அந்த இடத்திலேயே நான் வாயை மூடியிருக்க வேண்டும். வண்டிக்குத்தான் பிரேக் இல்லை என்றால் வாய்க்கும் இல்லை.

முக்கால் அக்காவுக்கு ஏன் அந்தப் பேர் என்றால், எதைத் தைத்தாலும் தையலுக்கு உள்ளே முக்கால் அங்குலம் துணியைக் கூடுதலாக விட்டுத்தான் தைப்பாள். "உடம்பு நம்ம பேச்சைக் கேக்காது, துணியாவது கேக்கட்டும்" என்பாள். ஆளும் முக்கால்தான். மிஷினுக்குப் பின்னால் உட்கார்ந்தால் கொண்டை மட்டும்தான் தெரியும். கொண்டையைப் பார்த்துத்தான் எல்லாரும் பேசிவிட்டு வருவார்கள்.

புருஷன் சலவைக்கடையில் வேலை. நான் மாமா என்று கூப்பிடுவேன். கொடியில் தொங்கினால் சட்டையா ஆளா என்று கிட்டப்போய்ப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு ஒல்லி. இருபத்திரண்டு வருஷம் துவைத்துத் துவைத்து அவர் கண்ணுக்குத் துணி தெரியாது, கறை மட்டும்தான் தெரியும். முதல் முதலாக அக்காவைப் பார்த்தபோதுகூட முகத்தைப் பார்க்கவில்லையாம். "தோள்ல மை கொட்டியிருக்கே, உப்புப் போட்டு ஊற வைங்க" என்றாராம். அக்கா அதைக் காதல் என்று நினைத்துக்கொண்டாள்.

அக்காவும் நம்மைப் போலத்தான். பள்ளிக்கூடத்தில் முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியே வந்தவள். அளவு நோட்டு கிடையாது. டேப்பும் கிடையாது. மிஷினுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி அடித்திருந்தாள். வந்தவர் இடுப்பைச் சுற்றி நூலைப் போடுவாள், விரலால் பிடிப்பாள், ஒரு முனையை ஆணியில் மாட்டிக் கீழே இழுப்பாள், விரல் நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. பக்கத்தில் பேருக்குப் பதில் ஒரு படம். ரொட்டிக்கடைக்காரருக்கு ரொட்டி. டீச்சருக்குக் கண்ணாடி. தொப்பைக்கு என்ன படம் என்று கேட்காதீர்கள்.

"என்ன படம்?" என்றான் தொப்பை.

"பீரோ."

பதினாறு வருஷத்துக் கோடுகள். ஊரில் பாதிப் பேருடைய இடுப்பும் தோளும் கையும் காலும் அந்த ஒரு சுவரில் இருந்தன. ஒரு தடவை அளவு கொடுத்தால் போதும். அப்புறம் துணியை மட்டும் கொடுத்தனுப்பினால் சட்டையாகத் திரும்பி வரும். அதனால்தான் எல்லாரும் அவளிடம் போனார்கள். யாருக்கு நேரம் இருக்கிறது, கையைத் தூக்கிக்கொண்டு நிற்க?

வீட்டுக்காரம்மா மாடியில் இருந்தார், இவர்கள் கீழே. ஒரு நாள் காலையில் வீட்டுக்காரம்மா இறங்கி வந்தார். சாதாரணமாக அவர் இறங்கினால் செருப்புச் சத்தம் தெருமுனைக்குக் கேட்கும். அன்றைக்குச் சத்தமே இல்லை. அப்போதே அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அப்பா விழுந்துட்டார்மா. இடுப்பெலும்பு. பதினெட்டு நாள்ல ஆஸ்பத்திரியிலேருந்து அனுப்பிடுவாங்களாம். இனிமே மாடி ஏற மாட்டாரு. கீழ் வீடு எனக்கே வேணும்."

அக்கா வாயில் நாலு குண்டூசி. ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவிட்டுக் கேட்டாள்.

"பதினெட்டு நாள்ல எங்கங்க போறது?"

"நான் என்னம்மா பண்ணட்டும்? எலும்பு என்னைக் கேட்டுக்கிட்டா உடையுது?"

வீட்டுக்காரம்மா வாசல்வரை போய்த் திரும்பி, ஆறுதல் சொல்வதுபோல ஒன்று சொன்னார்.

"சுவத்தைப் பத்திக் கவலைப்படாதே. கிறுக்கினதெல்லாம் நான் வெள்ளையடிச்சு மறைச்சுக்கிறேன்."

மிஷினை எடுத்துக்கொண்டு போகலாம். கத்திரியை, இஸ்திரிப்பெட்டியை, புருஷனைக்கூட எடுத்துக்கொண்டு போகலாம். சுவரை எப்படி எடுத்துக்கொண்டு போவது? சுவர் போனால் ஊரையே மறுபடி கூப்பிட்டுக் கையைத் தூக்கச் சொல்ல வேண்டும். கையைத் தூக்குகிறவன், பக்கத்தில் இருக்கிற வேறு தையல்காரரிடமே தூக்கிவிட்டுப் போய்விடுவான்.

வீடு தேட என் வண்டியில்தான் போனோம். நானும் எத்தனையோ பேருக்கு வீடு காட்டியிருக்கிறேன். தண்ணீர் வருமா என்பார்கள், வெளிச்சம் இருக்கா என்பார்கள். இந்த அக்கா உள்ளே போனதும் நேராகச் சுவரிடம் போவாள். உள்ளங்கையால் தடவுவாள். பென்சிலை எடுத்து மூலையில் ஒரு கோடு போட்டுப் பார்ப்பாள். முதல் வீட்டில் சுவர் முழுக்கக் கழுத்து உயரத்துக்கு வழவழ ஓடு. இரண்டாவது வீட்டில் ஈரம். கோடு போட்டால் வழிந்தது. மூன்றாவது வீட்டுக்காரர் பின்னாலேயே வந்து பார்த்துவிட்டார்.

"ஏம்மா, வாடகைக்கு வர்றதுக்கு முன்னாடியே கணக்குப் போடறியா?"

"இல்லைங்க, சுவர் பிடிக்குதான்னு பார்த்தேன்."

"சுவத்துக்கு உன்னைப் பிடிக்கல. கிளம்பு."

பதினொன்றாவது வீடோ, நூற்றுப் பதினொன்றாவது வீடோ, கடைசியில் ஒன்று கிடைத்தது. நல்ல வீடு, ஜன்னல் கிழக்குப் பார்த்தது, மிஷின் சத்தத்துக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் சுவரெல்லாம் பச்சை எண்ணெய் பெயின்ட். பென்சில் சறுக்கியது. ஒரு ஆணிகூட அடிக்கக்கூடாது என்பது கண்டிப்பு. வேறு வழியில்லை, நாளும் இல்லை. "சரிங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாள். பாதி வழியில் திடீரென்று, "தம்பி, துணிக்கடைக்கு விடு" என்றாள்.

புத்தம்புது வெள்ளைத் துணி வாங்கினாள். மெல்லிசாக, இரண்டு படுக்கை விரிப்பு அகலத்துக்கு. அதைச் சுவர்மேல் தொங்கவிட்டாள். பென்சில் கோடெல்லாம் துணிக்கு மேல் மங்கலாகத் தெரிந்தது. ஒவ்வொரு கோட்டையும் துணியில் வரைந்தாள். படங்களையும் வரைந்தாள். ஆணி இருந்த இடத்தில் ஒரு துளை போட்டு, பொத்தான்துளை மாதிரி ஓரம் தைத்தாள். பிறகு துணியை எடுத்து மிஷினில் போட்டு, வரைந்த கோட்டின் மேலெல்லாம் நீல நூலால் தையல். பென்சில் அழியலாம், தையல் அழியாது இல்லையா? எட்டு நாள். அந்த எட்டு நாளும் வீட்டில் சமையலே இல்லை. மாமா இன்னும் ஒல்லியானார். கதவைத் திறக்காமலே இடுக்கு வழியாக வந்து போனார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"இது எழுபதா, முப்பதா?" என்றான் வக்கீல்.

"முப்பது. மேல கேளு."

வீடு மாறுவதற்கு முந்தின நாள். புது வீட்டுக்கு அழுக்குத் துணியோடு போவதா என்று மாமா வீட்டில் இருந்த திரை, விரிப்பு, தலையணை உறை எல்லாவற்றையும் மூட்டை கட்டிச் சலவைக்கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். அந்த மூட்டையில் சுவரும் போனது. அக்கா அப்போது பாத்திரம் கட்டிக்கொண்டிருந்தாள். மாமாவைச் சொல்லியும் குற்றமில்லை. துணி முழுக்கச் சுண்ணாம்புத் தூசி, பென்சில் கரி, எட்டு நாள் கைரேகை. அவர் கண்ணுக்கு வேறு என்ன தெரியும்? கொதிக்கிற தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார். இரண்டு தடவை. இஸ்திரி போட்டு, ஓரம் விரலை அறுக்கிற மாதிரி மடித்து, சாயங்காலம் கொண்டுவந்து வைத்தார்.

அக்கா பயந்துபோய்ப் பிரித்துப் பார்த்தாள். நீலத் தையல் ஒன்றுகூடப் போகவில்லை. அழுக்கு மட்டும் போயிருந்தது. பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக, "பரவாயில்லையே, நல்லா துவைச்சிருக்கீங்க" என்றாள். மாமா அன்று முழுக்கத் தரையில் நடக்கவில்லை.

மறுநாள் சாமானை ஏற்றினோம். தொப்பை அன்றைக்கு லீவு. நானும் மாமாவும்தான் தூக்கினோம். அதாவது நான் மிஷினைத் தூக்கினேன், மிஷினைப் பிடித்துக்கொண்டிருந்த மாமாவையும் தூக்கினேன். அக்கா முன் சீட்டில் உட்கார்ந்து மடித்த துணியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னக்கா அது?"

"சுவரு," என்றாள். "மெதுவா ஓட்டு, இடிஞ்சிடப்போகுது."

புது வீட்டில் ஜன்னல் கம்பியில் துணியைக் கட்டித் தொங்கவிட்டாள். மூன்றாம் நாளே மிஷின் ஓட ஆரம்பித்துவிட்டது. பழைய ஆட்கள் துணி கொடுத்தனுப்பினார்கள். அக்கா நூலைத் துளையில் வைத்துக் கோடுவரை இழுத்தாள், வெட்டினாள், தைத்தாள். எல்லாம் பழையபடி.

அப்புறம்தான் ஊருக்கு ஒரு வியாதி வந்தது.

ரொட்டிக்கடைக்காரர் புதுச் சட்டையைப் போட்டார், மேல் பொத்தான் போட முடியவில்லை. டீச்சர் புது கவுனில் கரும்பலகையின் பாதி உயரத்துக்குமேல் எழுதக் கையைத் தூக்க முடியாமல், ஒரு வாரம் பாடத்தைப் பாதிப் பலகையிலேயே முடித்தார். தபால்காரர் குனிந்து கடிதம் போட்டபோது பின்னால் தையல் பிரிந்த சத்தத்தில் நாய் ஓடிவிட்டது. பேன்ட்டெல்லாம் கணுக்காலுக்கு மேலே நின்றது. இடுப்பு கூடும், சரி. கால் எப்படி நீளும் என்று ஒருவருக்காவது கேட்கத் தோன்றியதா? மனுஷன் தன்னைக் கண்ணாடியில் பார்க்கும்போது வயிற்றோடு நிறுத்திக்கொள்கிறான். ஒருவர்கூட அக்காவைச் சந்தேகப்படவில்லை. பதினாறு வருஷம் தப்பாத அளவு தப்புமா? தப்பினது உடம்புதான். காலையில் ஆறு மணிக்கு ஊரே நடக்க ஆரம்பித்தது. ரொட்டிக்கடையில் ரொட்டி மலைபோலத் தேங்கியது. ரொட்டிக்கடைக்காரரும் நடந்தார், அவர் கடை ரொட்டியை அவரே தொடவில்லை.

தொப்பையின் டீ கிளாஸ் வாய்க்குப் பக்கத்தில் போய் நின்றது. நான் கவனித்தேன், ஆனால் இறக்கத்தில் போகிற வண்டியை யார் நிறுத்துவது?

தையல்காரி வீட்டில் புருஷனுக்குக் கடைசியில்தான் சட்டை. எல்லாருடையதும் முடிந்து ஒரு மாதம் கழித்து அக்கா மாமாவுக்கு ஒன்று தைத்தாள். மாமா போட்டார். பொத்தானும் துளையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன, கிட்ட வரவில்லை.

"குண்டாயிட்டேன் போலிருக்கு," என்றார் மாமா. முகத்தில் பெருமை.

அக்கா அவரை மேலிருந்து கீழே பார்த்தாள்.

"உலகமே குண்டாகட்டும், நான் நம்பறேன். நீங்க குண்டானீங்கன்னா நம்ப மாட்டேன். இங்க வாங்க."

நூலைப் போட்டு மார்பைச் சுற்றினாள். துணியில் வைத்து இழுத்தாள். மாமாவின் படம், ஒரு சோப்புக்கட்டி. அதற்குப் பக்கத்துக் கோட்டைத் தாண்டி நூல் இரண்டு விரல் கீழே தொங்கியது. அக்கா துணியை மடித்தாள். எனக்கு ஆள் அனுப்பினாள்.

அக்கா, மாமா, நான், மூன்று பேரும் பழைய வீட்டுக்குப் போனோம். வழி முழுக்க அக்காவுக்கு ஒரே கேள்விதான். "வெள்ளையடிச்சிருப்பாங்களா தம்பி?" சுவர் இருந்தால் எவ்வளவு தப்பு என்று தெரியும். இல்லாவிட்டால் துணியில் இருப்பது எல்லாமே பொய், எவ்வளவு பொய் என்றும் தெரியாது.

வீட்டுக்காரம்மா கதவைத் திறந்தார். அக்கா தைத்த புதுச் சட்டைதான் போட்டிருந்தார். மூச்சை அளந்து அளந்து விட்டார். உள்ளே அவருடைய அப்பா கட்டிலில் படுத்திருந்தார், சுவரைப் பார்த்தபடி. சுவர் அப்படியே இருந்தது.

"சுண்ணாம்பு வாசனைக்கு இருமல் வருதுன்னு அப்பா விடமாட்டேன்னுட்டாரு," என்றார் வீட்டுக்காரம்மா.

"இருமலாவது ஒண்ணாவது," என்றார் பெரியவர். "நாள் முழுக்கப் படுத்துக்கிட்டு வேற என்னத்தைப் பார்க்கிறது? எந்தக் கோடு யாருன்னு கண்டுபிடிச்சுக்கிட்டிருக்கேன். இந்தச் சாவிக்குப் பக்கத்துல இருக்கே நீளமா, அது என் மகதானே?"

"சும்மா இருங்கப்பா!"

அக்கா துணியை ஆணியில் மாட்டித் தொங்கவிட்டாள். எல்லாத் தையல் கோடும் சுவரிலிருந்த பென்சில் கோட்டை எட்டாமல் மேலேயே நின்றுவிட்டது. முழத்துக்கு ஒரு விரல் குறைச்சல். ரொட்டியும் கண்ணாடியும் சாவியும், எல்லாம் அதே கணக்கு.

அக்கா திரும்பி மாமாவைப் பார்த்தாள்.

"எந்தத் தண்ணில துவைச்சீங்க?"

"வெந்நீர்ல."

"எவ்வளவு சூடு?"

"கொதிச்சுது," என்றார் மாமா. "புதுத் துணின்னா சுருங்கும். தெரியும். இருபத்திரண்டு வருஷமாத் தெரியும். ஆனா அன்னைக்கு அழுக்குதான் தெரிஞ்சுது."

வண்டியில் திரும்பி வரும்போது நான் கேட்டேன்.

"என்னக்கா செய்யப்போறீங்க? சொல்லிடுவீங்களா?"

"துணி சுருங்கிடுச்சுன்னு சொன்னா, அடுத்த தடவை நான் கோடு போட்டா நம்புவாங்களா?"

"நம்பமாட்டாங்க."

"அப்ப சொல்லமாட்டேன்."

"ஊரே நடக்குதேக்கா!"

"நடக்கிறது நல்லதுதான்," என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "உன் வாயைத் தைக்கணும்னா எத்தனை உருண்டை நூல் வேணும், சொல்லு" என்றாள். தைக்க வேண்டாம், நானே மூடிக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

அடுத்த பதினைந்து நாள் அக்கா ஒவ்வொரு வீடாகப் போனாள். "தையல் ஒழுங்கா இருக்கான்னு பார்க்கணும், கொடுங்க" என்று எல்லா உடுப்பையும் வாங்கி வந்தாள். உள்ளே விட்டிருந்த முக்கால் அங்குலத்தைப் பிரித்தாள், விரித்தாள், மறுபடி தைத்தாள். ஊருக்கே மூச்சு வந்தது. அக்கா எவ்வளவு நாகரிகமாக நம் குண்டு உடம்பை மறைக்கிறாள் பார் என்று கண்கலங்கிப் போனார்கள். ஒருவர்கூட வேறு கடைக்குப் போகவில்லை. புதிதாக நாற்பது பேர் வந்தார்கள். நான்கு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருங்கின துணி இன்னும் அந்த ஜன்னலில்தான் தொங்குகிறது. இப்போதெல்லாம் முழத்துக்கு ஒரு விரல் கூட்டி வெட்டுகிறாள்.

இவ்வளவுதான் கதை, என்று நான் கால் மேல் கால் போட்டேன்.

தொப்பை கிளாஸைக் கீழே வைத்தான்.

"என் பேன்ட்டையும் வாங்கிட்டுப் போயிப் பெரிசு பண்ணிக் கொடுத்தாங்க," என்றான். "'உடம்பைப் பார்த்துக்கோ தம்பி'ன்னு வேற சொன்னாங்க."

"சொல்லுவாங்க, நல்ல மனசு," என்றேன்.

"அஞ்சு மாசமா நான் சர்க்கரையில்லாத டீ குடிக்கிறேன்டா!" எழுந்துவிட்டான். மரப்பெட்டி நிம்மதியாக ஒரு சத்தம் போட்டது. "நான் குண்டாகல! நான் குண்டே ஆகல!"

"அவசரப்படாதே," என்றான் வக்கீல். "துணி சுருங்கினது ஒரு வழக்கு. நீ குண்டா இல்லையாங்கிறது தனி வழக்கு."

"இப்பவே போயி அந்த அக்காவைக் கேக்கிறேன்!"

"கேளு," என்றான் வக்கீல். "ஊரெல்லாம் தெரியட்டும். அவங்க மிஷினை மூடட்டும். அப்புறம் உன் இடுப்புக்குப் பேன்ட் தைக்க எந்தக் கூடாரக்காரன்கிட்ட போவே?"

தொப்பை ஒரு நிமிஷம் யோசித்தான். அப்புறம் மெதுவாக என் பக்கம் திரும்பினான்.

"உனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே தினமும் என் கேக்கைத் தின்னிருக்கே."

"நான் வாக்குக் கொடுத்திருந்தேன்டா!"

"வாயை மூடறேன்னுதானே வாக்குக் கொடுத்தே? அந்த வாயிலதானே என் கேக்கு போச்சு?"

"சரியான கேள்வி," என்றான் வக்கீல்.

"நீ சும்மா இரு! தொப்பை, நான்தான் முதல்லயே சொன்னேனே, இதுல முப்பது பொய்யின்னு!"

"எது முப்பது? சுருங்கினது எழுபதா, முப்பதா? சத்தியம் பண்ணு!"

"பிரேக் மேலயா?"

அவன் என் சட்டையைப் பிடித்தான். அக்கா தைத்த சட்டை. முக்கால் அங்குலம் உள்ளே இருந்ததால் கிழியவில்லை. வக்கீல் வண்டிக்கு ஓடி, பீரோ கதவில் நுழையுமா என்று பார்க்கிற இரும்பு டேப்பை எடுத்து வந்தான்.

"விடுங்கடா! அளந்தா தெரிஞ்சிடும்! கையைத் தூக்கு!"

"யார் கையைத் தூக்கறது?" என்றான் தொப்பை. "முதல்ல இவனை அள, இவன் என் கேக்கைத் தின்னு எவ்வளவு ஊதியிருக்கான்னு அள!"

"டேய், பிடிக்காதடா, அது இரும்பு டேப்பு, சுருங்காது, வெட்டிடும்!" என்று கத்தினான் வக்கீல்.

"சுருங்காதுன்னு யாருக்குத் தெரியும்? அதையும் அந்த மாமா துவைச்சிருந்தார்னா?"

"துவைச்சதுக்குச் சாட்சி யாரு?"

"சாட்சியா? இதோ நானே வர்றேன் சாட்சிக்கு..."